ஐந்து நாக்குப் பூட்டு

எங்கள் வீட்டுக்கு இரும்புக் கதவு வந்தது வசதியால் அல்ல, பயத்தால். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் அடிக்கடி மறியல் நடந்த வருஷங்கள் அவை. ஒரு மறியலின்போது எங்கிருந்தோ வந்த கல் ஒன்று எங்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டது. எறிந்தது யார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு மட்டும் தெரியும்.

"எதிர் வூட்டுப் பையன்தான். அவன்தான கொடி புடிச்சிக்கினு முன்னால போறான்?"

எதிர்வீட்டு அண்ணன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

கச்சிராயபாளையத்தில் எங்கள் தெருவில் மறியல் செய்கிறவர்களின் சாதியைச் சேராத வீடுகள் எங்களோடு சேர்த்து நாலைந்துதான். "அவங்களுக்குத் தனியா பிரிச்சிக் குடுத்துட்டா உனக்குக் கம்மியாயிடும் பாரு" என்று அப்பா என்னிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அரசு வேலைக்கான குரூப் நான்கு தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். முன்பே இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்டவள். இந்த முறையும் தவறினால் புத்தகத்தை மூட்டை கட்டிவிட்டுக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் பதிலுக்குக் காத்திருந்தார்கள். தேர்வுக்கு விண்ணப்பம் போட கம்ப்யூட்டர் கடைக்குப் போனபோது எனக்கு முன்னால், அதே தேர்வுக்குப் போட, எதிர்வீட்டு அண்ணன்தான் நின்றிருந்தார். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை, அதிலும் ஒரு குற்றம் கண்டுபிடிப்பார்.

கதவு சின்னசேலத்திலிருந்து வந்தது. மரம் மாதிரி பெயின்ட் அடித்த இரும்பு. சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால் பக்கவாட்டில் மூன்று நாக்குகளும், மேலே ஒரு கம்பியும், கீழே ஒரு கம்பியும் ஒரே நேரத்தில் நீண்டு நிலைக்குள் போய் உட்காரும். அந்தச் சத்தத்தில் அப்பாவுக்கு நிம்மதி, எனக்கு மூச்சு முட்டும். புதுக் கதவு வந்த தைரியத்தில் அவர் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். ஜன்னல்களுக்கு ஏற்கெனவே கம்பி. மாடிப்படி வெளியே இருந்தது. அந்த ஒரு கதவு திறக்கவில்லை என்றால் நாங்கள் மூன்று பேரும் எலிப்பொறியில் விழுந்த எலிகள்தான்.

பூட்டைக் கெடுத்தது திருடன் இல்லை, மகாலட்சுமி. விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் கதவு மூடியிருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். அது ஆடி மாசம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு எங்கள் இரும்புக் கதவு எம்மாத்திரம்? திறந்து வைத்த மறுநொடி படார் என்று சாத்திக்கொள்ளும். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். கதவைத் திறந்து வைத்தபடியே சாவியைத் திருப்பி ஐந்து நாக்குகளையும் வெளியே நீட்டிவிட்டாள். கதவு இனிச் சாத்திக்கொள்ள முடியாது. காற்று தள்ளும், நீட்டிய நாக்குகள் நிலையில் போய் இடிக்கும், கதவு திரும்பி வரும். மகாலட்சுமி தாராளமாக வந்து போனாள். பத்து நாளில் சாவி முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. அப்பா தேங்காய் எண்ணெய் விட்டார். அது தெருப் புழுதியோடு சேர்ந்து உள்ளே களியானது.

நான் சொல்லிச் சொல்லி, கடைசியில் கதவு மெக்கானிக் சின்னசேலத்திலிருந்து வந்து பார்த்தார்.

"யாருங்க இந்த வேலைய பாத்தது? நாக்கு நீட்டிக்கினு இருக்கறப்ப கதவு இடிச்சா உள்ள எல்லாம் வளைஞ்சிடும். கீலும் எறங்கிப் போச்சு பாருங்க."

அம்மா என்னைப் பார்த்தாள், ஏதோ நான் செய்த மாதிரி. அவர் வளைந்ததைத் தட்டி நிமிர்த்தினார். எண்ணெய்க் களியைத் துடைத்துவிட்டு என் பென்சிலை வாங்கிக் கரியைச் சுரண்டிச் சாவித் துளையில் ஊதினார். இனி எண்ணெய் விடவே கூடாது, மொத்தப் பூட்டையும் மாற்ற வேண்டும், சேலத்திலிருந்து புதுசு வந்ததும் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வருவதற்குள் அடுத்த மறியலை அறிவித்துவிட்டார்கள், என் பரீட்சை நாளன்றே.

முதல் நாள் சாயங்காலம் அப்பா சாவியோடு கதவருகே போனார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"வேணாம்பா. சங்கிலிய மட்டும் போடுங்க. நாளைக்கி எனக்குப் பரீட்சை."

"நாளைக்கித்தான் மறியலும். இன்னா நடக்குமோ யாரு கண்டா?"

திருப்பினார். இரண்டாவது சுற்றில் பூட்டு மணலைக் கடிப்பதுபோல் நறநறத்தது. அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவே இல்லை.

காலையில் தலைவாரி, ஹால் டிக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். சாவி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. அப்பா முயன்றார். இரண்டு கையாலும் முறுக்கினார். சாவி லேசாக வளைவதைப் பார்த்து, "உடைச்சிடாதீங்க!" என்று கத்தினேன். அம்மா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஒன்பது மணிக்குமேல் தேர்வு மையத்தில் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். கள்ளக்குறிச்சிக்குப் போய்ச் சேர வேண்டும், அதுவும் பஸ் ஓடாத நாளில். கதவை எட்டி உதைத்தேன். கால் வலித்ததுதான் மிச்சம்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். அவரும் சின்னசேலத்தில் மறியலில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கதவு எடை தாங்காம எறங்கிடுச்சும்மா. கீழ்க் கம்பி தரையில மாட்டிக்கினு இருக்கும். சாவிய முறுக்காதீங்க. வெளிய இருந்து யாராச்சும் கடப்பாரைய அடியில வுட்டுக் கதவைத் தூக்கணும். தூக்கறப்ப உள்ள சாவிய திருப்பு."

ஜன்னல் வழியே பார்த்தேன். தெருவில் மறியலுக்குப் போக ஆட்கள் கூடியிருந்தார்கள். கையில் கடப்பாரையோடு நின்றது ஒரே ஒருவர்தான், மறியல் பந்தலுக்குக் கால் நடப் போகிற எதிர்வீட்டு அண்ணன்.

"அவனையா கூப்புடப் போற?" என்றார் அப்பா.

"அண்ணே!" என்று கத்தினேன். "கதவு தெறக்கலண்ணே! எனக்குப் பரீட்சைக்கு நேரமாவுது!"

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் எங்கள் ஜன்னலைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். வரமாட்டார் என்றே நினைத்தேன், வராவிட்டாலும் கேட்க எனக்கு வாய் இல்லை. பிறகு கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலை நோக்கி வந்தார். "கடப்பாரையோட வர்றான்டி" என்று அப்பா என் காதருகே முணுமுணுத்தார். பயத்தில் இருந்த எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கதவுக்கடியில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. "தூக்கறேன், திருப்பு!" சாவி அசையவில்லை. மறுபடியும் தூக்கினார். அசையவில்லை. அப்பா கதவோடு கன்னத்தை ஒட்டி நின்று, கீலையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று, "தம்பி, இன்னும் கொஞ்சம் மேல! கீல் பக்கமா வேணாம், இந்தப் பக்கம்!" என்று குரல் கொடுத்தார். அண்ணன் கடப்பாரையை நகர்த்தி அழுத்தினார். கதவு ஒரு விரற்கடை எழும்பியது. சாவி சுற்றியது. வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"பஸ்ஸு இல்ல. வண்டியில ஏறு" என்றார் அண்ணன். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "பாத்துப் போங்க" என்றார்.

வழியில் சாலையை மறித்து உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்து கேட்டை இழுத்துச் சாத்தப் போகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். இறங்கி ஓடப் போனவள், கம்ப்யூட்டர் கடை ஞாபகம் வந்து நின்றேன்.

"நீங்களும் இதுக்குப் போட்டீங்களேண்ணே?"

"ம். இதே ஸ்கூலுதான்" என்றார். "ஹால் டிக்கெட்டு வூட்லயே கெடக்குது. அத்தினி பேர ரோட்ல உக்கார வெச்சிட்டு நான் மட்டும் உள்ள போனா நல்லாவா இருக்கும்? நீ ஓடு, சாத்தறாங்க."

ஓடினேன். அறையில் பாதி பெஞ்சுகள் காலி. எனக்கு முன்னால் இருந்ததும் காலி. கேள்வித்தாளைப் பிரித்தால், படித்ததெல்லாம் அப்படியே வந்திருந்தது. மூன்று முறை எழுதியதில் இவ்வளவு சுலபமாக ஒருமுறையும் கேட்டதில்லை. சந்தோஷப்பட வேண்டியவள், அந்தக் காலி பெஞ்சைப் பார்க்காமல் எழுதப் பாடுபட்டேன்.

மத்தியானமே மறியல் முடிந்துவிட்டது. நான் வீடு திரும்பியபோது சேலத்திலிருந்து வந்து சேர்ந்த புதுப் பூட்டை மெக்கானிக் மாட்டிக்கொண்டிருந்தார். "ரொம்ப ஈஸிப்பா, இந்தத் தடவ கண்டிப்பா கெடைச்சிடும்" என்று அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு வாயெல்லாம் பல். விளக்கு வைக்கிற நேரம் வந்ததும், அம்மா அம்மிக் குழவியைத் தூக்கி வந்து கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

அப்போதுதான் அண்ணன் பந்தலில் இருந்து திரும்பி வந்தார். திறந்திருந்த எங்கள் வாசலில் நின்று, "கேள்வியெல்லாம் எப்பிடி இருந்துச்சும்மா?" என்று கேட்டார்.



"ரொம்பக் கஷ்டம்ணே" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"ஆமா தம்பி" என்றார். "வந்ததுல இருந்து புலம்பிக்கினே இருக்குது. நீ எழுதியிருந்தாலும் வீண்தான்."