சம்பந்தி தந்த சப்பாத்து

தூக்கிய திருவடி துணை நிற்க.

தொண்ணூறுகளின் தொடக்கம். பங்குனி உத்தர நன்னாள், சனிக்கிழமை. யாழ்ப்பாணத்திலிருந்து நானும் மனைவியும் லண்டன் ஹரோவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மகளின் மாமனார், அதாவது என் சம்பந்தி, லண்டனுக்கு வெளியே வாரச் சந்தை கூடும் ஒரு பழைய ஆங்கிலப் பட்டினத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கு ஓய்வு கிடைப்பது சனிக்கிழமையில் மட்டுமே.

புறப்படும்போது என் செருப்பைப் பார்த்து அவர் முகம் சுளித்தார். "உதோட அங்கத்தைய குளிரிலை நடக்க ஏலாது. இதைப் போடுங்கோ" என்று, என் காலுக்குச் சற்றுப் பெரிதான ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்தைக் கொண்டுவந்தார். தம் மகனின் கலியாணத்துக்கென்று வாங்கி, அன்று ஒருநாள் மட்டும் அணிந்து, பெட்டியில் வைத்துக் காத்தவை அவை. "கவனம், சம்பந்தி. இத்தாலித் தோல்" என்றார். நாங்களோ பெண் கொடுத்த வீட்டார். அந்தக் 'கவனம்' என்ற ஒரு சொல்லை வழி முழுவதும் சுமந்துகொண்டே போனேன்.

பட்டினம் அழகாகவே இருந்தது. கல் பாவிய சதுக்கம். நடுவே மரத்தூண்கள் தாங்கி நிற்கும் சந்தை மண்டபம். சுற்றிலும் தெருப்பக்கம் சாய்ந்த பழைய வீடுகள். "கனகாலமாய் இப்பிடித்தான் சாய்ஞ்சு நிக்குது. நிமித்தப் போனால் கவுன்சில் வழக்குப் போடும்" என்றார் சம்பந்தி. பிறகு, தேநீர் குடிக்கவென்று என் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு கடைக்குள் புகுந்தார்.

உத்தர நாளைக் கோயில் வாசல் மிதியாமல் கழிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு தேவாலயம் தெரிந்தது. எந்தக் கோயிலானாலும் உள்ளே இருப்பவர் ஒருவர்தானே என்று நடந்தேன். அதன் வாசலில் கண்ட காட்சி என்னை உருக்கிவிட்டது. விரித்த துணியின்மேல் சோடி சோடியாகப் பாதணிகள். பக்கத்தில் மேசை போட்டு ஒரு வெள்ளைக்கார அம்மையார், எங்களூர்த் திருவிழாவில் செருப்புக்குக் காவல் இருப்பவர்போல உட்கார்ந்திருந்தார். இவர்கள் சப்பாத்தோடு வழிபடுபவர்கள் என்று இத்தனை காலமும் நினைத்தோமே என்று நாணி, நானும் கழற்றி வரிசையில் வைத்தேன். அம்மையார் மனமார நன்றி சொன்னார். நன்றி சொல்லும் செருப்புக் காவலை அன்றுதான் கண்டேன்.

உள்ளே அமர்ந்து, திருவடியைப் போற்றும் பதிகம் ஒன்றை மெல்லிய குரலில் முழுவதும் பாடினேன். கண் திறந்தபோது முன்வரிசை முதியவரின் காலில் சப்பாத்து. அவருக்கு அடுத்தவர் காலிலும் சப்பாத்து. என் காலைத் தவிர அங்கிருந்த எல்லாக் காலிலும் சப்பாத்து.

விரைந்து வெளியே வந்தேன். என் சோடி இருந்த இடத்தில் சேறு படிந்த பழைய பூட்ஸ் சோடி ஒன்று நின்றது. ஊரார் கொடுத்த பழைய பாதணிகளைத் தேவாலயக் கூரைத் திருப்பணிக்காக விற்கும் இடம் அது. என்னுடையதும் நன்கொடை என்றே அம்மையார் நினைத்திருக்கிறார். அதுவே முதலில் விலைபோயிருக்கிறது. நான் செய்தியைச் சொன்னதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த கணம் மேசையை அப்படியே விட்டுவிட்டு, என் கையைப் பற்றிக்கொண்டு சந்தைக்குள் ஓடினார். நெற்றி நிறையத் திருநீறு, வேட்டிக்கு மேல் ஓவர்கோட், காலில் நனைந்த கம்பளிக் காலுறை. இந்தக் கோலத்தில் நானும் ஓடினேன்.

தேநீர்க்கடைக் கண்ணாடி வழியே என் மனைவி இதைப் பார்த்துவிட்டாள். "அண்ணை, ஒரு வெள்ளைக்காரி இவரைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு ஓடுறா" என்றாளாம். சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டு, "அவ இழுக்கட்டும். என்ரை சப்பாத்து எங்கை?" என்றாராம்.

மண்டபத்தின் கீழ், பாற்கட்டி விற்கும் கடையருகே, ஆறடிக்கு மேல் உயர்ந்த குடியானவர் ஒருவர் அந்தச் சப்பாத்துடன் கம்பீரமாக நின்றார். விஷயம் தெரிந்ததும் பெரிதாகச் சிரித்து, படியில் அமர்ந்து கழற்றத் தொடங்கினார். கொடுத்த காசு கூரைக்கே இருக்கட்டும், தேவாலய வாசலில் விட்டுவந்த தம் பழைய பூட்ஸே தமக்குப் போதும் என்றார். குளிரில் விறைத்த என் விரல்களால் சப்பாத்தை மாட்ட முடியவில்லை. அவர் ஈரக் கல்லில் ஒரு முழங்காலை ஊன்றி, நனைந்த காலுறையை உருவி, தம் கைக்குட்டையால் என் பாதத்தை ஒற்றித் துடைத்து, சப்பாத்தை மாட்டி நாடாவையும் கட்டினார். பாதம் தொடுதல் எங்களிடையே எத்தகையது என்பதை அவர் அறியார். நான் கூசிக் காலை இழுத்தேன். அவர் குதிகாலை விடவில்லை.

சம்பந்தி வந்துசேர்ந்தபோது கண்ட காட்சி இதுதான். காரில் ஏறி வெகுதூரம் வந்தபின், "கோயில் எண்டால் கழட்டத்தான் வேணும், சம்பந்தி. ஆனால் அடுத்தமுறை கக்கத்துக்கை வைச்சுக்கொண்டு உள்ளை போங்கோ" என்றார். பிறகு சிரிப்பை அடக்க மாட்டாமல் காரை ஓரமாக நிறுத்தினார். சப்பாத்தை அவர் திரும்ப வாங்கவேயில்லை.

திருவடி, திருவடி என்று வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். இன்றும் அந்தச் சொல் நாவில் வரும்போதெல்லாம், என் காலுக்குச் சூடு தந்துவிட்டு வெறும் காலுறையோடு ஈரக் கல்லில் நடந்துபோன அந்தப் பெரிய பாதங்களும் உடன் வந்து நிற்கின்றன.

இதை வாசிக்கும் யாவரும் நலம் பெருகி வாழ்க. நீங்கள் கழற்றி வைத்த இடத்திலேயே உங்கள் பாதணிகள் என்றும் இருப்பனவாகுக.