கழுத்துக்கு இறங்கிய கட்டி

வலது காதுக்குக் கீழே சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி எனக்கு இரண்டு வருடமாக இருந்தது. வலி கிடையாது. மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வலிக்காத ஒன்றுக்காக லீவு போட மனம் வரவில்லை. கொழுப்புக் கட்டி என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கள்ளிக்குப்பத்தில் ஷேவிங் செய்துகொண்டிருந்த சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டு என் கழுத்தைத் தடவினார்.

"அண்ணாத்தே, காதாண்ட கீறது தெரியும். கீயயும் ஒண்ணு கீதே, இன்னா இது?"

தாடைக்குக் கீழே புளியங்கொட்டை போல் கெட்டியாக ஒன்று. "நெறி கட்டிகினு இருக்கும்பா" என்றேன்.

வீட்டில் சொல்லவில்லை. மூன்று வாரம் காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஒரு காலையில் தலை துவட்டும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"இன்னாய்யா இது? எத்தினி நாளா கீது?"

சொன்னேன். அவள் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, "சட்டைய மாட்டு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கட்டியிலும் ஊசி குத்தி, கொஞ்சம் எடுத்து டெஸ்ட் செய்து பார்த்தார்கள். காதுக்குக் கீழே இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியில் புற்றுநோய். டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார்:

"கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல நெறி கட்டும் இல்லீங்களா? அந்த மாதிரி நிணநீர்க் கணுக்கள் கழுத்துலயும் நிறைய இருக்கு. சுரப்பியிலேர்ந்து வடியிற நிணநீர் அது வழியாத்தான் போகும். அதோட கேன்சர் செல்லும் போய், அங்கயே தங்கி வளர்ந்திருக்கு."

"ஒடம்பு பூரா போயிருக்குமா டாக்டர்?" என்று மனைவி கேட்டாள். ஸ்கேனில் கழுத்தைத் தாண்டி எதுவும் தெரியவில்லை என்றார். முதல் கட்டியோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் இன்றுவரை கேட்டதில்லை.

சுரப்பியையும் அந்தப் பக்கத்துக் கணுக்களையும் சேர்த்து எடுத்தார்கள். மூன்று கணுக்களில் நோய் இருந்தது. பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. வாய் வறண்டு, ரசத்தில் கரைத்த சோறு மட்டும்தான் இறங்கியது. ஆபரேஷனில் முகத்து நரம்பு பலவீனமாகி வலது கண் சரியாக மூடவில்லை. சிரித்தால் வாய் இடப்பக்கம் கோணியது.

"கண்ணாடிய பாக்காதய்யா. என்னப் பாத்து சிரி" என்றாள் ஒரு நாள்.

ஒன்றரை வருடம் ஆகிறது. கண் மூடுகிறது. கழுத்து ஆபரேஷனில் தோள் நரம்பும் பலவீனமாகி வலது கை தோளுக்கு மேல் ஏறாததால் கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. அன்று காலையில் நாங்கள் இருவரும் அதிகம் பேசுவதில்லை. டாக்டரம்மா கழுத்தின் இரு பக்கமும் அழுத்திப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போயிட்டு வாங்க" என்றதும், பஸ் ஸ்டாப் வருவதற்குள் மனைவி பேச ஆரம்பித்துவிடுவாள்.