ஏரிக்குள் ஒரு கோல்ஃப் கிளப்

உத்திரமேரூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு கோல்ஃப் கிளப் உண்டு என்று சொன்னால் என் அலுவலகத்தில் யாரும் நம்புவதில்லை. தண்ணீர் வற்றிய ஏரிக்குள் அதைத் தொடங்கியவர் என் சித்தப்பா. சென்னையில் பெரிய கோல்ஃப் மைதானம் ஒன்றில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கே என்ன வேலை என்று வீட்டில் யாரும் விவரமாகக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்றே அளந்துவிட்டிருந்தேன்.

அப்பா வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில்லில் அவருக்கு வேலைக்குச் சொல்லியிருந்தார். சித்தப்பா ஒரே ஒரு தவணைதான் கேட்டார்.

"ஞாயித்துக்கெயம கிளப்ப தொறக்கறேண்ணே. ஊர்ல ஒருத்தர்கூட சேரலன்னா, திங்கக்கெயம மில்லுக்குப் பூடறேன்."

அப்பா சரி என்றார். கையோடு போய்ப் புது டிபன் கேரியரும் வாங்கி வந்துவிட்டார்.

கொடி நட்டதில்தான் சிக்கல் ஆரம்பித்தது. பந்து போய் விழ வேண்டிய குழி இருக்கும் இடம் தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று சித்தப்பா மூங்கில் குச்சிகளில் சிவப்புத் துணி கட்டி நட்டார். அம்மாவின் உள்பாவாடை காணாமல் போனது அப்போதுதான். எங்கள் பக்கம் தரிசில் கொடி தெரிந்தால் பிளாட் போடுகிறார்கள் என்றுதான் அர்த்தம். ஏரிக்குள் ஆடு மேய்க்கும், ஊரே பெரியம்மா என்று கூப்பிடும் அம்மா ஒருவர் அத்தனையையும் பிடுங்கி எறிந்தார்.

"இன்னிக்கு கொடி நடுவ, நாளைக்கு கல்லு நடுவ, அப்பறம் கம்பி வேலி போடுவ. என் ஆடு எங்கடா மேயும்?"

சித்தப்பா மறுபடி நட்டார். பெரியம்மா மறுபடி பிடுங்கினார். வாரம் முழுக்க இதே கூத்து, இரண்டு பேருமே சளைக்கவில்லை. சனிக்கிழமை சித்தப்பா கொடிகளை அள்ளிக்கொண்டு போய் பெரியம்மா வீட்டு வாசலில் வைத்தார்.

"உங்க வூட்லயே இருக்கட்டும் பெரிம்மா. காலைல வந்து வாங்கிக்கறேன். பொழுது போனா திருப்பிக் குடுத்துடறேன்."

பெரியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கொடிகளை உள்ளே எடுத்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே ஏரிக்கரையில் கூடிவிட்டது. உரச்சாக்கில் தைத்த ஒரு பை, அதற்குள் சென்னையில் யாரோ வேண்டாமென்று போட்ட பழைய மட்டைகள். நான்தான் முதலில் அடிப்பேன் என்று குதித்தேன். சித்தப்பா மசியவில்லை.

"பைய யாரு தூக்கிக்கினு வராங்களோ, அவுங்கதான் மொதல்ல அடிக்கணும். இந்த கிளப்புக்கு அது ஒண்ணுதான் சட்டம்."

என்னால் அந்தப் பையை அசைக்கக்கூட முடியவில்லை. இதென்ன கிறுக்குச் சட்டம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் அவரே தூக்கி வந்தார். காற்றைப் பார்த்தார். மட்டையைத் தேர்ந்தெடுத்தார். பந்து எந்தக் கருவேல மரத்தருகே போய் விழும் என்றுகூடச் சொன்னார். பிறகு ஓங்கி வீசினார். புழுதிதான் கிளம்பியது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. ஆடுகள் சிதறி ஓடின, ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

"இத்தினி வருசம் அங்க இன்னாடா பண்ணிக்கினு இருந்த?" என்றார் அப்பா.

சித்தப்பா மறுபடி காலை ஊன்றி நின்றார். மறுபடியும் புழுதி. அதற்கடுத்த வீச்சில் பந்து ஒரு முழம் உருண்டு ஆட்டுப் புழுக்கையில் முட்டி நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. புழுதி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

கூட்டம் கலையத் தொடங்கியபோது பெரியம்மா விறுவிறுவென்று வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்த குயி எங்கடா கீது? நான்தான தூக்கிக்கினு வரேன், எனுக்குத்தான் மொதல் அடி."

கிளப்புக்கு உறுப்பினர் கிடைத்துவிட்டார். டிபன் கேரியர் பந்து போட்டு வைக்க ஆயிற்று.

இவ்வளவு தெரிந்தவருக்கு அடிக்க மட்டும் எப்படித் தெரியாமல் போயிற்று என்று வழியெல்லாம் அவரை நச்சரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே நடந்தார். அந்தப் பெரிய மைதானத்தில் அவர் பார்த்தது பை தூக்கும் வேலை என்று எனக்கு அப்போது தெரியாது. அங்கே பை தூக்குகிறவர் மட்டையைத் துடைத்துக் கொடுக்கலாம், புதரில் பந்தைத் தேடி எடுக்கலாம், அடிக்கக் கூடாது. அன்று ஏரிக்குள் ஒரு முழம் உருண்டதுதான் சித்தப்பா தன் வாழ்நாளில் அடித்த முதல் பந்து.