தங்கம் என்று அழைக்கும் அரக்கி

அந்த அரக்கியை நான் கற்பனை செய்யவில்லை. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணை அப்படியே தூக்கி என் புத்தகத்தில் போட்டேன். அவர் கேட்டபோது இல்லை என்று பொய்யும் சொன்னேன்.

குழந்தைகளுக்கு மாயக்கதை எழுதுகிறவள் நான். செம்பனைத் தோட்டத்துக்கு அடியில் ஒரு ராஜ்ஜியம், அதன் வாசலில் ஓர் அரக்கி... உங்கள் வீட்டுப் பிள்ளையும் படித்திருக்கலாம். இடது தோள் தாழ்ந்தவள். "வா தங்கம், சாப்பிட்டியா?" என்று கொஞ்சி அழைத்துப் பிள்ளைகளை விழுங்கிவிடுவாள்.

அந்தத் தோளும் அந்த அழைப்பும் லெட்சுமி அக்காவுடையவை. நியாலாஸ் ஊர்ப் பக்கம் நான் ஆசிரியையாக இருக்கும் தமிழ்ப்பள்ளியில் கேண்டீன் நடத்துகிறார். வரிசையில் வரும் ஒவ்வொரு பிள்ளையையும் அவர் அப்படித்தான் கேட்பார். காசு கொண்டுவராத பிள்ளைக்கும் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் உண்டு. எனக்குத் தேநீரில் சீனி குறைத்துத் தருவார், நான் சொல்லாமலே. சில நேரம் என்னையும் தங்கம் என்பார்.

ஏன் செய்தேன்? நான் எழுதிய எந்த அரக்கிக்கும் யாரும் பயப்படவில்லை. கோரைப்பல் வைத்தேன், நெருப்பு வைத்தேன்... வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பழகிய, அன்பான குரல் விழுங்க வந்தால்தான் பயம் என்று ஒருநாள் கேண்டீனில் எனக்கு உறைத்தது. எத்தனை மகிழ்ச்சி! எழுதும்போது அக்காவின் முகம் நினைவுக்கு வரவில்லையா? வந்தது. வந்தும் எழுதினேன்.

புத்தகம் வெளிவந்த பிறகு, பள்ளி விழாவில் ஒரு சிறுமி அரக்கி வேடம் போட்டாள். தோளைத் தாழ்த்தி நடந்து "வா தங்கம்" என்றாள். மண்டபமே அக்காவைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அக்கா தேநீரோடு வந்தார்.

"டீச்சர், பிள்ளைங்க என்னமோ சொல்லுதுங்க... அது நானா?"

"ஐயோ, இல்லக்கா! சும்மா கற்பனைதான்லா."

"அதானே! டீச்சர் அப்படிச் செய்வாங்களான்னு நானும் சொன்னேன்."

அவர் முகம் உடனே தெளிந்தது. அந்தத் தெளிவைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

பிறகு சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவரிடம் வாங்கவே பயந்தார்கள். "டீச்சரே சொல்லிட்டாங்க லா, அது நான் இல்ல!" என்று அக்கா அவர்களிடம் கெஞ்சினார். என் பொய்யையே சாட்சிக்கு அழைத்தார்! நான் பக்கத்து மேசையில்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு வலிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவருக்கா? எனக்கு என் பெயர்தான் பெரிதாக இருந்தது.

இப்போது பதிப்பகத்தார் அடுத்த பாகம் கேட்கிறார்கள். அரக்கியை நல்லவளாக்கி எழுதிப் பார்த்தேன். எழுதியது எனக்கே பொய்யாகத் தெரிந்தது. கிழித்துப் போட்டேன்.

நேற்றும் கேண்டீனுக்குப் போனேன். ஒரு குட்டிப் பையன் தட்டோடு நின்றான். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார்... நிறுத்திக்கொண்டு, "அடுத்த ஆளு வாங்க" என்று மட்டும் சொன்னார். பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை அவர் விட்டுவிட்டார்.

என்னிடம் விடவில்லை. தேநீரை என் முன்னால் வைத்து, "ஆறிடும், குடி தங்கம்" என்றார்.

சீனி அளவாக இருந்தது. குடித்துவிட்டுத்தான் வந்தேன்.