குப்பை போடக்கூடாத குப்பைத் தொட்டிகள்

1. கல்யாணக் களை

இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது என்றால் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். வேலப்பன்சாவடி பக்கம் ஹைவேயை ஒட்டிய தனியார் ஆஸ்பத்திரி அது. பெயர் வேண்டாம், நாளைக்கு நீங்களே அங்கே வேலை கேட்டுப் போகலாம். ஓய்வு பெறும்வரை நான் அங்கே வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்.

அந்த முறை தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருவதாக இருந்தது. வாசலில் வாழைமரம் ஒன்றுதான் கட்டவில்லை. பூச்செடிகள் வந்தன, புதுத் திரைச்சீலைகள் வந்தன, கூடவே புத்தம்புதுக் குப்பைத் தொட்டிகளும் வந்து இறங்கின. ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணிக்கு மஞ்சள். டியூப் வகையறாவுக்குச் சிவப்பு. கண்ணாடிக்கு நீலம். ஊசிக்கு, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பா. பழைய தொட்டிகளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் புதுத் தொட்டி ஒன்றின் மூடியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்தார்.

"சிஸ்டர், டீம் கிளம்புற வரைக்கும் இதுல யாரும் ஒண்ணும் போடக் கூடாது."

"சார், இது குப்பைத் தொட்டி சார்."

"தெரியும்மா. அழுக்கானா மார்க் போயிடும். அந்த வெள்ளை டப்பா வேற ட்ரான்ஸ்பரன்ட். உள்ள ரத்தத்தோட ஊசி கிடந்தா பாக்க நல்லாவா இருக்கும்?"

"அப்ப ஊசியை எங்க போடுறது?"

"அட்ஜஸ்ட் பண்ணுங்க."

ஆஸ்பத்திரி அகராதியில் 'அட்ஜஸ்ட்' என்றால் அட்டைப்பெட்டி. குளுக்கோஸ் பாட்டில் வந்த காலிப் பெட்டி ஒன்றை அவர் சொல்படி பின்பக்கம் பாத்திரம் கழுவும் அறையில் வைத்தார்கள். இது ஆபத்து என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்வதற்குள் அவர் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். இன்ஸ்பெக்‌ஷன் முடியும்வரை ஊசி போட மாட்டோம் என்று நோயாளிகளிடம் சொல்ல முடியுமா? பெட்டி நிறைந்துகொண்டே வந்தது.

2. ஜரினாவின் கை

குழு வந்தது. தலைவர் ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார். "எக்ஸலன்ட்" என்றார். அடுத்ததைத் திறந்து "வெரி நீட்" என்றார். வார்டு நிறைய நோயாளிகள் படுத்திருக்க, தொட்டியில் ஒரு பஞ்சுகூட இல்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்கள்.

குழு பின்பக்கம் வருவதற்குள் பெட்டியை அப்புறப்படுத்தச் சொல்லி ஜரினாவுக்கு உத்தரவு போயிருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து வரும் ஹவுஸ்கீப்பிங் பெண் அவள், கான்ட்ராக்ட். கொஞ்ச நேரத்தில் கையைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"சிஸ்டர், பெட்டிய தூக்கினேன், அடி நனைஞ்சி பிஞ்சிகினு கீது. இன்னாவோ கைல ஏறிச்சு. யாருக்குப் போட்ட ஊசியோ தெர்ல. ஊட்ல பால் குடிக்கிற கொயந்த கீது சிஸ்டர்."

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். எந்த நோயாளியின் ஊசி என்று தெரிந்தால் அவர் ரத்தத்தைப் பரிசோதிக்கலாம். அந்தப் பெட்டியிலோ வார்டு முழுவதும் கலந்து கிடந்தது. ஹெச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மாத்திரையைத் தாமதிக்காமல் தொடங்க வேண்டும். கேஷுவாலிட்டிக்கு அழைத்துப்போனால் வாசலிலேயே அட்மினிஸ்ட்ரேட்டர் கையை விரித்து நின்றார்.

"உள்ள டீம் இருக்காங்க சிஸ்டர். டீ சாப்பிட்டுக் கிளம்பிடுவாங்க, அப்புறம் பாத்துக்கலாம். கான்ட்ராக்ட் ஸ்டாஃப்தானே?"

"கிருமிக்கு அது தெரியாது சார்" என்று சொல்லி அவர் கைக்கு அடியில் குனிந்து, ஜரினாவையும் இழுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னாச்சு?" என்றார் குழுத் தலைவர், பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

"ஊசி குத்திடுச்சு சார்."

"எப்படி? டப்பாவை அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்களே!"

"அதனாலதான் சார்."

அதற்குப் பிறகு யாரும் டீ குடிக்கவில்லை. டியூட்டி டாக்டர் மாத்திரை தந்தார். பரிசோதனை முடிவு தெரியும்வரை தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்.

3. பாடம்

சான்றிதழ் நிற்கவில்லை, கொஞ்சம் தாமதமாக வந்தது. 'ஊழியர்களுக்குப் பயிற்சி தேவை' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதினார்களாம். நிர்வாகம் உடனே பயிற்சி வகுப்பு வைத்து முதல் வரிசையில் ஜரினாவை உட்கார வைத்தது. மாத்திரையால் வந்த குமட்டலோடு அவள் அதையும் கேட்டாள். வகுப்பு எடுத்தவர் அட்மினிஸ்ட்ரேட்டர்.

மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு, கடைசிப் பரிசோதனையிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. நான் அவளைக் கட்டிக்கொண்டேன். இனி பயமில்லை, பிள்ளைக்குப் பால் கொடு என்றேன்.

"எங்க சிஸ்டர்? பாலு எப்பவோ நின்னு போச்சு. தூக்கி மார்ல வெச்சாலும் மூஞ்ச திருப்பிக்குது. பாட்டிலுக்குப் பயகிடுச்சு."

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, எதை எந்த நிறத்தில் போடுவது என்று சுவரில் ஒட்டியிருப்பார்கள், படித்துக்கொள்ளுங்கள். எந்த வார்டிலாவது தொட்டி பளபளவென்று காலியாக இருந்தால் மட்டும் பாராட்டிவிட்டு நகராதீர்கள். இங்கே பெருக்குகிற பெண் எங்கே என்று கேளுங்கள். போய் அவள் கையைப் பாருங்கள்.