விரலக்கா வளர்த்த துரை

அவளுக்கு ஹோட்டலில் இரண்டு பெயர். முகத்துக்கு நேரே சூப்பர்வைசரம்மா, முதுகுக்குப் பின்னால் விரலக்கா. அறையைப் பெருக்கித் துடைத்து, படுக்கை விரித்து முடிந்ததும் பார்வையிட வருவாள். விரிப்பைப் பார்க்க மாட்டாள், கண்ணாடியைப் பார்க்க மாட்டாள். நேராகப் போய்க் கதவு நிலையின் மேல்விளிம்பில் ஆள்காட்டி விரலை ஓட்டுவாள். விரல் போன நிறத்திலேயே திரும்பினால் ஒரு தலையசைப்பு. இல்லையென்றால் அந்த விரலை அப்படியே நீட்டிக் காட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள். திட்டு வாங்கினால்கூடத் தேவலை என்று இருக்கும் வேலைக்காரப் பெண்களுக்கு.

"கண்ணுக்குத் தெரியற அழுக்க யார் வேணாலும் தொடைப்பாங்க. தெரியாத அழுக்குக்குத்தான் நாம இருக்கோம்" என்பது அவளுடைய வேதம்.

பட்டப்பெயர் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூர அதில் அவளுக்குப் பெருமைதான்.

வீட்டிலும் அதே விரல்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கணவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடையில் சாவி வெட்டிக் கொடுப்பவர். மாலையில் சட்டையெல்லாம் பித்தளைத் தூளோடு வருவார். படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நிற்க வைத்து உதறச் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள் அனுமதி. "என் சாவி எல்லா வீட்டையும் திறக்கும், என் வீட்டத் தவிர" என்று அண்டைவீட்டாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்ட வீட்டில் ஒரு மீன்தொட்டி வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் மகள். தொட்டியில் இருந்தது ஒரே ஒரு பெட்டா மீன், கடைக்காரர்கள் ஃபைட்டர் என்பார்களே, அந்த இனம். உடம்பு கருநீலம், வால் ஓரம் மட்டும் சிவப்பு. இன்னொரு ஆண் மீனைக் கண்டால் சண்டைக்குப் பாய்கிற சாதி என்பதால் எலி வளையானாலும் தனி வளை என்று அதற்குத் தனித்தொட்டி. யாராவது எதிரே வந்து நின்றால் செவுளை விரித்து, துடுப்பைப் பரப்பி, "யார் நீ, எங்கே வந்தாய்?" என்பது போல ஒரு பார்வை பார்க்கும். அந்த மிடுக்குக்காகவே துரை என்று பெயர் வைத்தாள் மகள்.

அவளுக்குப் பிசியோதெரபி படிக்க வேறு ஊரில் இடம் கிடைத்தது. விடுதியில் மனிதர்களுக்கே இடம் போதவில்லை, மீனுக்கு எங்கே? கிளம்புகிற அன்று அம்மாவைத் தொட்டி முன்னால் நிறுத்தினாள்.

"அம்மா, வாரத்துக்கு ஒருதரம் கால்வாசித் தண்ணி மாத்து, போதும். தீனி கொஞ்சமாப் போடு. மத்தபடி நீ கையே வைக்காத. குறிப்பா உன்னத்தான் சொல்றேன்."

"உன்னையே வளத்து ஆளாக்கிட்டேன். விரல் நீளம் இல்லாத மீன வளக்க மாட்டனா? பெட்டிய எடு, நேரமாகுது."

மகள் போனாள். வீடு வெறிச்சென்று ஆனது. பேச ஆளில்லாத மாலைகளில் விரலக்கா தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

பார்க்கப் பார்க்க அழுக்கு தெரிந்தது. மீனுக்கு நல்லதென்று வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றை மகள் போட்டு வைத்திருந்ததால் தண்ணீர் இளந்தேநீர் நிறத்தில் இருந்தது. மரக்கட்டை மேல் வழவழப்பாக ஏதோ படிந்திருந்தது. தண்ணீரை வடிகட்டுகிற ஸ்பாஞ்சு, வாங்கும்போது கறுப்பாக இருந்தது, இப்போது சேறு பூசினது போல. மற்றவர்களுக்கு அது ஒரு குட்டிக் காடு. அவள் கண்ணுக்கோ மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காத குளியலறை.

பல்லைக் கடித்துக்கொண்டு சில வாரங்கள் பொறுத்தாள். ஒரு விடுமுறை நாளில் பொறுமை அற்றுப்போனது. துரையை ஒரு கிண்ணத்துக்கு மாற்றினாள். கற்களை வெந்நீரில் கொதிக்க வைத்தாள். கட்டையைப் பிரஷ் போட்டுத் தேய்த்தாள். சோப்பு மட்டும் போடவில்லை, அந்த அளவுக்கு விவரம் உண்டு. ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்தாள், பிழிந்தாள், தெளிந்த தண்ணீர் வருகிற வரை பிழிந்தாள். செடிகளின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வாதுமை இலை குப்பைக்குப் போனது. கட்டையில் நூலால் கட்டியிருந்த அனுபியாஸ் செடியை அவிழ்த்து, "செடின்னா மண்ணுல இருக்கணும்" என்று தண்டோடு கல்லுக்குள் புதைத்தாள். குழாய்த் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பினாள்.

கணவர் சாவிக்காரர் வந்து பார்த்துவிட்டு, "தொட்டியில தண்ணி இருக்கா இல்லையா?" என்றார். நம்பாமல் விரலை விட்டும் பார்த்தார். விரலக்காவுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு ஆயுளில் கிடைத்ததில்லை.

ஆனால் துரைக்கு அந்தப் பளபளப்பு பிடிக்கவில்லை. முதலில் துடுப்புகள் சுருங்கின, மழையில் நனைந்து மடக்கிய குடை மாதிரி. பிறகு தீனிக்கு மேலே வருவது நின்றது. தண்ணீர் புகைபடிந்தது போல வெளுத்தது. அவள் என்ன செய்வாள்? தெரிந்ததைத்தான் செய்தாள், மறுபடியும் எல்லாவற்றையும் கழுவினாள். அதன் பிறகு வால் ஓரத்துச் சிவப்பு கந்தல் கந்தலாகக் கிழிய ஆரம்பித்தது. புதைத்த செடியின் தண்டு அழுகியது.

"நீ கழுவக் கழுவ அவன் கரையறான். கவனிச்சியா?" என்றார் சாவிக்காரர்.

"உங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க." சொல்லிவிட்டாளே தவிர, அன்று சோறு இறங்கவில்லை. தொலைபேசியில் மகள், "துரை எப்படிம்மா இருக்கான்?" என்றபோது, "அவனுக்கென்ன, ஜோரா இருக்கான். நீ பரீட்சைக்குப் படி" என்றாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் அவசரமாகத் தொலைபேசியை வைத்தாள்.

தோற்றதை ஒப்புக்கொள்ளத் தெரியாதவள் இல்லை விரலக்கா. ஒரு கறை போகவில்லையென்றால் அது எதனால் ஆனது என்று தெரிந்தவரைத் தேடிப் போய்க் கேட்கிற ஆள். அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். வழியில் ஒருவரிடம் "மீன் கடை எங்கங்க?" என்று கேட்க, அவர் கைகாட்டிய திசையில் போனால் ஐஸ்கட்டியும் அரிவாளுமாக ஒரு சந்தை. "முழுசாவா, துண்டு போடணுமா?" என்று கேட்டவரிடம், "உசுரோட இருக்கணுங்க" என்றாள். அவர் சிரித்து வண்ணமீன் கடைக்கு வழி சொன்னார்.

கடைக்காரர் முழங்கை வரை நனைந்த சட்டையோடு ஏதோ ஒரு தொட்டிக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். விரலக்கா செல்போனில் துரையின் படத்தைக் காட்டி, செய்த சுத்தத்தையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட எட்டிப் பார்த்தது, பழக்க தோஷம்.

"ஸ்பாஞ்சையுமா கழுவினீங்க? குழாய்த் தண்ணியில?"

"பளிச்சுன்னு."

கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொள்ளப் போய், கை ஈரமென்று நிறுத்தினார். "நீங்க என்ன வேல பாக்கறீங்கம்மா?"

சொன்னாள்.

"அப்பச் சுலபமாப் புரியும். மீன் கழிவுலேர்ந்து அமோனியான்னு ஒரு விஷம் வரும். அத உடனுக்குடனே சுத்தம் பண்ண, கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க கோடிக்கணக்குல அந்த ஸ்பாஞ்சுலயும் கல்லுலயும் குடியிருக்கு. நல்ல கிருமிங்க. நீங்க அழுக்கக் கழுவல. ராப்பகலா வேல செஞ்ச ஆளுங்க அத்தன பேரையும் ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டீங்க. இப்ப அந்த ஓட்டல் நாறுது."

விரலக்கா செல்போனை மூடிக் கைப்பையில் வைத்தாள். கடை முழுக்கக் காற்றுக் குமிழிகளின் சத்தம்.

"மறுபடி வேலைக்கு ஆள் எடுக்கணும்னா?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேளுங்க!" என்றார் கடைக்காரர். தன்னுடைய பழைய தொட்டி ஒன்றிலிருந்து கறுத்துக் கொழகொழத்த ஸ்பாஞ்சில் ஒரு துண்டை வெட்டி, அந்தத் தொட்டித் தண்ணீரோடு பையில் போட்டுக் கட்டினார். "இது காய்ஞ்சுடக் கூடாது. நேரா வீட்டுக்குப் போய் உங்க ஸ்பாஞ்சு பக்கத்துல சொருகிடுங்க. குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும், இந்தச் சொட்டு மருந்து விடாம ஊத்தாதீங்க. தினம் கொஞ்சமா மாத்துங்க, மொத்தமா வேண்டாம். விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, அவன் மேல வந்து காத்து குடிக்கிறவன். அனுபியாஸோட தண்டு கல்லுக்கு மேலதான் இருக்கணும், புதைச்சா அழுகிடும்."

பேருந்தில் நல்ல கூட்டம். அழுக்குத் தண்ணீர்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள் விரலக்கா. ஒட்டி நின்றவர் முகம் சுளித்தார். கைப்பிடிக் கம்பியையே கைக்குட்டை வைத்துப் பிடிக்கிறவள் அன்று, "தள்ளி நில்லுங்க சார், நசுங்கிடப் போகுது" என்று அதட்டினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்தது ஒரு தனி நிர்வாகம். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு சொம்பு பழைய தண்ணீர் வெளியே, சொட்டு மருந்து விட்ட புதுத் தண்ணீர் உள்ளே, அதுவும் உள்ளங்கையில் சூடு பார்த்து, தொட்டியின் வெதுவெதுப்புக்கு ஒத்து வந்த பிறகே. தின்னாமல் மிச்சமாகும் தீனி கீழே கிடந்து அழுகக் கூடாது என்று ஒவ்வொரு உருண்டையாகப் போட்டு, விழுங்கிய பிறகே அடுத்தது. அனுபியாஸில் அழுகாமல் இருந்த பாதியை வெட்டி மறுபடி கட்டையோடு கட்டினாள். மேலே மிதக்கிற செடி கொஞ்சம் வாங்கி விட்டாள். விஷத்தை அதுவும் உறிஞ்சுமாம், துரைக்கு நிழலும் ஆச்சு. வாதுமை இலைக்கு ஹோட்டல் பின்புறத்து மரம் இருக்கவே இருந்தது. உதிர்ந்த இலையைப் பொறுக்கி அலசிக் கைப்பையில் வைக்கிற சூப்பர்வைசரம்மாவைப் பார்த்து வேலைக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டார்கள்.

ஸ்பாஞ்சைத் தொடாமல் இருந்ததுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. கை துறுதுறுக்கும்போதெல்லாம் எழுந்து போய் அடுப்பைத் துடைத்தாள். அந்த வீட்டு அடுப்பு அந்த மாதம் மின்னியது போல் எந்த மாதமும் மின்னியதில்லை.

துரை ஒரேயடியாகத் தேறிவிடவில்லை. ஒரு நாள் தின்பான், மறுநாள் திரும்பிப் பார்க்க மாட்டான். ஆனால் தண்ணீரின் வெளுப்பு மெல்ல விலகியது. கிழிந்த வால் ஓரத்தில் கண்ணாடித் தாள் போல நிறமில்லாத சவ்வு ஒன்று வளர்ந்தது. "என்னங்க, இங்க வாங்க! வால் முளைக்குது!" என்று அவள் கத்தின கத்தலில் சாவிக்காரர் பாதி முகச் சவரத்தோடு ஓடி வந்தார். அந்தச் சவ்வில் பிறகு நிறம் ஏறியது. ஒரு காலை பார்த்தால் மிதக்கும் செடிகளுக்கு இடையே நுரைக் குமிழிகளை ஒட்டி ஒட்டிக் கூடு கட்டியிருந்தான் துரை. தெம்பாக இருக்கிற ஆண் மீன்தான் அப்படிக் கட்டுமாம். அவள் முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் செவுளை விரித்துக்கொண்டு முன்னே வந்தான்.

"யாருகிட்ட முறைக்கிற? உன் ஓட்டலுக்கு ஆள் போட்டதே நான்தான்" என்றாள்.

பரீட்சை முடிந்த அன்று மகளை அழைத்து, நடந்ததை முழுக்கச் சொன்னாள். மகள் பாதி கோபத்திலும் பாதி சிரிப்பிலும் திணறினாள். "கைய வைக்காதன்னு சொன்னேன்ல?"

"சொன்ன. ஏன்னு சொல்லல. காரணம் சொல்லாம நான் ஓட்டல்ல ஒருத்தருக்கும் உத்தரவு போடறதில்ல. அடுத்ததரம் ஒழுங்காச் சொல்லு." குற்றவாளிக் கூண்டிலிருந்து நீதிபதி நாற்காலிக்கு ஒரே தாவலில் போய்விட்டாள்.

மறு வருடம் மகள் விடுதியை விட்டு, தோழியோடு ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். விடுமுறைக்கு வந்தவள், "இனிமே துரைய நான் கூட்டிட்டுப் போறேம்மா" என்றாள். விரலக்கா தடுக்கவில்லை. கேள்விதான் கேட்டாள். தொட்டி வைக்கிற இடத்தில் நேர் வெயில் அடிக்குமா? அங்கே ராத்திரி குளிருக்குத் தண்ணீரைச் சூடு பண்ண என்ன வழி? பிரயாணத்தில் எவ்வளவு நேரம் பையில் இருப்பான்? புதுத் தொட்டியை முன்கூட்டியே ஓட விட்டு நல்ல கிருமிகளைக் குடிவைத்தாச்சா, இல்லை போய்த்தானா?

நாலாவது கேள்வியில் மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். "தாயே, அவன் இங்கயே இருக்கட்டும். எனக்கே நீ இவ்வளவு கேள்வி கேட்டதில்ல."

"நீ பேசுவ. வலிச்சா சொல்லுவ. அவன் சொல்லுவானா?"

சாவிக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னால் தோள் குலுங்கச் சிரித்தார்.

அன்று சாயங்காலம் அம்மாவும் மகளும் வண்ணமீன் கடைக்குப் போனார்கள். கண்ணாடியில் படரும் பச்சைப் பாசியைத் தின்ன ஒரு நத்தை வாங்கலாம் என்றாள் மகள். துரை கடித்துவிடுவானோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். கடைசியில் கோடு போட்ட ஓட்டோடு ஒரு குட்டி நத்தையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்து விட்டார்கள். துரை துடுப்பை விரித்து அதைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்தான், முறைத்தான், மூக்கால் ஒரு முட்டு முட்டினான். நத்தை ஓட்டுக்குள் போய்விட்டது. சண்டைக்கு ஆளில்லாத சலிப்போடு துரை மேலே போய் ஒரு வாய் காற்று குடித்துவிட்டு, இலை ஒன்றின் மேல் படுத்துக்கொண்டான். அவர்கள் இருவரும் தொட்டி முன்னால் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, நத்தை எப்போது தலையை நீட்டும் என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.