பிப்பெட்டும் தண்ணீர்ப் பானையும்

கண்ணாடி கழுவுகிறவனின் வேலை சுத்தமாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. கறை இருந்தால் மட்டும் அவன் பெயர் ஞாபகம் வரும். பாட்டிலோ கிளாஸோ கழுவிப் பிழைத்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் நான் சயன்ஸ் ரூம் அட்டெண்டர். மணி அடிக்கிற முனுசாமியும் நானும் டெம்பரவரி. பர்மனென்ட் இடம் ஒன்றுதான் என்று சொல்லியிருந்தார்கள்.

பழுப்புக் கறை

பெர்மாங்கனேட்டைக் காய்ச்சி ஆக்ஸிஜன் எடுத்துக் காட்டிய பிறகு டியூபின் அடியில் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். சோப்புக்கு மசியாது. மணல் போட்டுத் தேய்த்தால் கண்ணாடி கீறிவிடும். கீறினது அடுத்த சூட்டில் உடையும். பித்தளைக் குடத்துக்குச் செய்வதுபோல் புளியைக் கரைத்து, சுடவைத்து ஊற்றி ஊறவிட்டேன். விட்டது. சயன்ஸ் வாத்தியார் டியூபை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்லியேடா, சேரிக்காரன் கழுவின மாதிரியே இல்ல!"

பிப்பெட்

நடுவில் வயிறு பெருத்த குழாய். பிரஷ் நுழையாது. வாயால் தண்ணீரை உறிஞ்சி ஏற்றி, இறக்கி, கடைசிச் சொட்டை ஊதித் தள்ள வேண்டும். வகுப்பில் வாத்தியார் அதே முனையில் வாய் வைத்து உறிஞ்சித்தான் அளப்பார். முனுசாமி ஒருநாள் இதைப் பார்த்துவிட்டான்.

"இன்னாபா, நீயும் வாத்தியாரும் ஒரே பீடிய இஸ்துக்கினு கீறீங்க!"

இன்ஸ்பெக்ஷன்

இன்ஸ்பெக்டர் பிப்பெட்டைத் தண்ணீரில் நனைத்துத் தூக்கிப் பார்த்தார். பிசுக்கு இருந்தால்தான் சொட்டு நிற்கும்; உள்ளே ஒரு சொட்டு ஒட்டவில்லை. "கழுவினது யாரு? இவனையே பர்மனென்டா போட்டுடுங்க" என்றார்.

பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்டார். பானைக்குப் பக்கத்தில் நின்றது நான்தான். டம்ளரை எடுக்கக் கை நீட்டினேன். வாத்தியார் அவசரமாக முனுசாமியைக் கூப்பிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இர்றா, போய் உன் கண்ணாடியப் பாரு."

ஆர்டர்

அடுத்த மாதம் ஆர்டர் வந்தது, முனுசாமி பெயரில். சயன்ஸ் ரூமும் இனி அவனுக்கே. ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அன்பாகத்தான் சொன்னார்.

"உன் வேலையில ஒரு குறையும் இல்லப்பா, ஆனா பர்மனென்ட் ஆளுன்னா எங்களுக்கெல்லாம் தண்ணி மொண்டு குடுக்கணுமே!"

நான் திரும்பிப் போய், கடைசியாக ஒரு பிப்பெட்டைக் கழுவி, எப்போதும்போல் வாய் வைத்து ஊதி, மறுநாள் வாத்தியார் உறிஞ்சுவதற்குத் தயாராக ஸ்டாண்டில் வைத்துவிட்டு வந்தேன்.